பழைய பிக்கப்: கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டரை வீட்டிலேயே மாற்ற என்னென்ன கவனிக்கணும்?

மண்பாதை:

வண்டி பழைய டீசல் பிக்கப். ஹைட்ராலிக் கிளட்ச்: பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்த, கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் நகரும். ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளியே இருந்து, கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க்கைத் தள்ளும் வகை. முதல் கியர் சுமாராக விழுகிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று அரைக்கிறது. பெடலை மிதித்தபடி நின்றால் காலுக்கடியிலேயே மெல்ல இறங்குகிறது, வண்டியும் நகரப் பார்க்கிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணினால் கியர் சத்தமில்லாமல் விழுந்துவிடும். கிளட்ச் ஆயில் (பிரேக் ஆயில்தான்) டப்பாவில் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை. கேபினுக்குள் பெடலுக்கு மேலே கைவைத்தால் ஈரம்.

லிஃப்ட் கிடையாது. ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் இருக்கின்றன. கூட நின்று பெடல் மிதிக்க ஆள் இல்லை. மாஸ்டர் மட்டும் மாற்றினால் போதுமா, ஸ்லேவும் சேர்த்தா? உள் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட்டா, முழு சிலிண்டரா? தனி ஆளாக ஏர் எடுக்க, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற முடியுமா?

அச்சாணி:

கேபினுக்குள் ஈரம் என்றால் மாஸ்டரின் பின் கப் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல்) போய்விட்டது. மிதித்தபடி நிற்கும்போது பெடல் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் முன் கப்பும் தேய்ந்திருக்கிறது. அழுத்தம் ஏறும்போது ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னால் வந்துவிடுகிறது. இரண்டு கப்பும் ஒரே பிஸ்டனில்தான். ஆக மாஸ்டர் கழன்றே ஆகணும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்து வையுங்கள். இன்ஜின் ஆஃப், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், வண்டி ஸ்டாண்டில். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே அளவாக ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் பெடல் முழுக்க இறங்கி நிற்கும், ஆள் தேவையில்லை. கீழே போய் ஸ்லேவ் கம்பி எத்தனை மி.மீ. நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கட்டையை எடுக்காமல் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். கம்பி பின்வாங்கியிருந்து, ஸ்லேவ் பக்கம் காய்ந்திருந்தால் குற்றவாளி மாஸ்டர்தான் என்று உறுதி. இந்த அளவுதான் பிற்பாடு ஏர் எடுத்து முடித்ததும் வேலை சரியா, தப்பா என்று சொல்லும். பெடல் 'நன்றாக இருக்கிறது' என்று கால் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஸ்லேவின் தூசி ரப்பரை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமோ கறுப்புக் குழம்போ இருந்தால் அதுவும் முடிந்தது. காய்ந்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. சிஸ்டத்தில் ஆகக் கீழே இருப்பது ஸ்லேவ். ஆயில் உறிஞ்சிய ஈரம், ரப்பர் துகள், துரு எல்லாம் அங்கேதான் படியும். கப் தினமும் ஓடும் இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும், அதற்கு உள்பக்கம் சொரசொரப்பு. ஏர் எடுக்கும்போது பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளினால் பழைய கப் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். புது மாஸ்டர் போட்ட கொஞ்ச நாளிலேயே பழைய ஸ்லேவ் ஒழுகுவதற்கு இதுதான் காரணம். புதுசின் 'அழுத்தம் தாங்காமல்' என்று சொல்வதெல்லாம் சும்மா. நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸையும் கூடவே மாற்றுங்கள்.

வாங்கும்போது போர் அளவை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தைப் பாருங்கள். சிலிண்டர் உடம்பில் வார்ப்பிலேயே 5/8, 3/4, 13/16 என்று அங்குலத்திலோ மி.மீ.யிலோ பெரும்பாலும் இருக்கும். ஒரே மாடலுக்கே வருஷத்தைப் பொறுத்து இரண்டு அளவு வந்திருக்கலாம். கணக்கு இப்படி: மாஸ்டர் 3/4 அங்குலம், அதாவது 19.05 மி.மீ., பரப்பு 285 சதுர மி.மீ. ஸ்லேவ் 7/8, அதாவது 22.2 மி.மீ., பரப்பு 388. மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. ஓடினால் ஸ்லேவ் சுமார் 22 மி.மீ. நகரும். அதே இடத்தில் 5/8 மாஸ்டர் போட்டால் ஸ்லேவ் 15 மி.மீ.தான் நகரும். பெடல் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், கிளட்ச் மட்டும் விடாது. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது சரியாகாது.

கீழ்வீட்டு கியர்:

அச்சாணி சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா கிட் பத்தி ஒரு வார்த்தை. அவர் சொல்லாம விட்டுட்டார்.

சிலிண்டர் அலுமினியமா, வார்ப்பிரும்பான்னு முதல்ல பாருங்க. அலுமினியம்னா கிட் யோசனையை விடுங்க. உள்சுவர்ல இருக்கிற மெல்லிய கடினப் படலம்தான் அதுக்கு உயிர். ஹோன் போட்டா, அதாவது உள்சுவரைத் தேய்ச்சு வழுவழுப்பாக்கினா, அது போயிடும், புது கப் சீக்கிரமே தேஞ்சிடும். வார்ப்பிரும்புன்னா பிஸ்டனைக் கழட்டி, உள்ளே துடைச்சு, வெளிச்சத்துல பாருங்க. விரல் நகத்தை நீளவாக்குல இழுங்க. நகம் எங்கேயாவது தட்டுப்பட்டா அந்தச் சிலிண்டர் குப்பைக்கு. தட்டலைன்னா லேசா ஹோன் போட்டு கிட் மாத்தலாம். பார்ட் கிடைக்காத பழைய வண்டிக்கு அதுதான் வழி.

கிட் போடறவங்க கவனிக்க: கப்போட விரிஞ்ச உதடு எப்பவும் அழுத்தம் வர்ற பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா ஒரு மிதிக்குக்கூட நிக்காது. புது பிரேக் ஆயில்ல நனைச்சு, உதடு மடங்காம கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கிட்டே உள்ளே விடுங்க. கழுவறதுக்கு ஐசோபிரைல் ஆல்கஹாலோ பிரேக் ஆயிலோ மட்டும்தான். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதா கிரீஸ் எதுவும் உள்ளே படவே கூடாது. இந்த ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் விஷம், ஊதிப்போகும்.

அதையே சோதனையாவும் வெச்சுக்கலாம். டப்பா மூடியோட ரப்பர் டயாஃப்ரத்தைக் கழட்டிப் பாருங்க. பெருசாகி அலை அலையா நெளிஞ்சு, திரும்ப மூடில உக்கார மாட்டேங்குதுன்னா யாரோ முன்னாடி பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊத்தியிருக்காங்க. அப்படின்னா மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ், மூடி ரப்பர் எல்லாத்தையும் மாத்தி, இரும்புக் குழாயை ஆல்கஹால் விட்டு அலசி, காத்து ஊதிக் காய வைக்கணும். ஒண்ணை விட்டாலும் மிச்ச எண்ணெய் புது ரப்பரைத் தின்னுடும்.

ஆயில் மூடில என்ன எழுதியிருக்கோ அதுதான், டாட் 3 இல்லன்னா டாட் 4. டாட் 5 சிலிக்கான் வகை, இதோட கலக்கக் கூடாது. டாட் 5.1 வேற, அது கிளைக்கால் வகைதான். சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு இந்த வேலைக்குத் தாராளம்.

ஃப்ளேர் நட்:

கழற்றி மாட்டும் வரிசையை எழுதுகிறேன். வண்டிக்கு வண்டி சிறு வித்தியாசம் இருக்கும்.

முதல் நாளே குழாய் நட்டுகளிலும், ஸ்லேவில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளிலும் துரு விடுவிக்கும் எண்ணெயைத் தெளித்து ஊற விடுங்கள். குழாய் நட்டுக்கு சாதாரண ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம். ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று, வளையத்தில் குழாய் நுழைய மட்டும் வெட்டு விட்ட ஸ்பேனர் இருக்கிறது. 10, 11 மி.மீ. அல்லது 3/8, 7/16 அளவுதான் பெரும்பாலும் வரும். பழைய நட்டு பித்தளை அல்லது மெல்லிய இரும்பு. முனை மழுங்கிவிட்டால் இரும்புக் குழாயையே மாற்ற வேண்டிவரும். நட்டு சுற்றும்போது குழாயும் கூடவே முறுகுகிறதா என்று ஒரு கண் வையுங்கள். முறுகினால் நிறுத்தி, முன்னும் பின்னும் கால் சுற்றாக ஆட்டி விடுவியுங்கள்.

டப்பாவிலிருந்து ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, மாஸ்டருக்குக் கீழே துணியைத் திணியுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கேபினுக்குள் பெடல் கையில், தள்ளுகம்பியைப் பெடலோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னின் காட்டர் பின்னை எடுத்து, பின்னை உருவுங்கள். உருவியதும் பின்னையும் பெடல் கையின் ஓட்டையையும் பாருங்கள். பின் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தாலோ, ஓட்டை முட்டை வடிவமாக இருந்தாலோ அதையும் சரி செய்யணும். பெடல் விகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், அங்கே 2 மி.மீ. ஆட்டம் காலடியில் 12 மி.மீ. வீண் மிதி. புது சிலிண்டர்கள் போட்டும் ரிவர்ஸ் அரைக்கும் வண்டிகளில் இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

மாஸ்டர் வெளியே வந்ததும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) தகட்டில், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் முன்னே பின்னே ஆடினால் அந்த ஆட்டம் அத்தனையும் ஸ்லேவில் குறையும். விரிசல் இருந்தால் வெல்டோ, பின்னால் தடித்த தகடோ வைத்துவிட்டுத்தான் புதுசை மாட்டணும்.

பழைய மாஸ்டரின் தள்ளுகம்பியையும் புதியதின் தள்ளுகம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளெவிஸ் கண்ணின் நடுவிலிருந்து கம்பி நுனி வரை அளந்து, ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். இது கடைசி செட்டிங் இல்லை, தொடக்கம் மட்டும்.

புது மாஸ்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வைஸில் காதைப் பிடித்து, உடம்பை அல்ல, மட்டமாக நிறுத்தி ஆயில் ஊற்றுங்கள். வெளியேறும் ஓட்டையில் ஒரு குழாய் மாட்டி, அதன் நுனியை டப்பாவுக்குள் ஆயிலில் மூழ்க விடுங்கள். பிஸ்டனை மெதுவாகத் தள்ளி, மெதுவாக விடுங்கள். குமிழி நிற்கும்வரை இதைச் செய்தால் ஏர் எடுக்கும் வேலையில் பெரும்பகுதி மேஜையிலேயே முடிந்துவிடும்.

குழாய் நட்டை மாட்டும்போது மாஸ்டரின் ஃபயர்வால் நட்டுகள் தளர்வாக இருக்கட்டும். குழாய் நட்டை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். விரலால் ஏறவில்லை என்றால் கோணல் மரை. இறுக்கிப் பார்க்க வேண்டாம். பாஞ்சோ போல்ட் (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) இருந்தால் இருபக்கச் செம்பு வாஷரும் புதுசு.

ஸ்லேவில் ஒரே எச்சரிக்கை: அது கழன்று தொங்கும்போது பெடலைத் தொடக்கூடாது. பிஸ்டன் வெளியே துப்பிக்கொண்டு வந்துவிடும். சில புது ஸ்லேவ்களில் கம்பியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டு வரும். அது முதல் மிதியில் தானாக அறுவதற்காக வைத்தது, வெட்டாமல் அப்படியே மாட்டுங்கள்.

சாய்ந்த நிப்பிள்:

தனி ஆளாக ஏர் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தார். முடியும். பெடலைப் படபடவென்று அடிப்பதை விட நன்றாகவே வரும். வேகமாக அடித்தால் காற்று ஆயிலோடு நுரைத்து, நிப்பிள் வரை வராமலே மிதக்கும்.

காற்று எவ்வளவு கெடுக்கும் என்று மேலே உள்ள அளவிலேயே கணக்குப் போடலாம். 388 சதுர மி.மீ. ஸ்லேவில் 1 மி.லி. காற்று கிட்டத்தட்ட 2.5 மி.மீ. ஓட்டத்தை விழுங்கிவிடும். கியர் விழுவதற்கும் அரைப்பதற்கும் நடுவே உள்ள தூரமே அவ்வளவுதான்.

நிப்பிள் ஸ்லேவின் மேல்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம், வலம் மாறிய பார்ட் வந்தால் நிப்பிள் அடியில் போய்விடும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று மேலேயே தங்கும். சரியாக இருந்தால், தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைத்து, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, டப்பாவை நிறைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கால் மணி நேரத்தில் தன்னெடையிலேயே இறங்கும். டப்பா காலியாகக் கூடாது, காலியானால் முதலிலிருந்து.

அதன் பிறகும் பெடல் மெத்தென்றிருந்தால்: நிப்பிளை மூடி, ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஹோஸ் இழுபடாமல், நிப்பிள் பக்கம் கீழேயும் ஹோஸ் நுழையும் பக்கம் மேலேயும் இருக்கும்படி பிடியுங்கள். கம்பியைக் கட்டை விரலால் மெதுவாக முழுக்க உள்ளே தள்ளி, மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் டப்பாவில் குமிழி ஏறும். குமிழி நிற்கும்வரை. கம்பியை வெளியே வரும்போது கையால் தாங்கிக்கொள்ளணும், இல்லாவிட்டால் உள்ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிவிடும்.

பெரிய சிரிஞ்சை நிப்பிளில் மாட்டிக் கீழிருந்து மேலே ஆயிலை ஏற்றுவதும் நல்ல முறை, காற்று இயல்பாகப் போகும் திசை அதுதான். எல்லாமே புதுசாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். பழைய ஸ்லேவ் என்றால் அடியில் உள்ள கசடு ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் மாஸ்டரின் ஊசித் துளையில் போய் அடைக்கும். டப்பாவைப் பாதி காலி செய்துவிட்டு ஆரம்பிக்கவும், இல்லையென்றால் பெயின்ட் மேல் வழியும்.

வேக்குவம் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு: முடிவே இல்லாமல் பொடிக் குமிழி வந்தால் அது நிப்பிள் மரை வழியே உறிஞ்சும் வெளிக்காற்றாக இருக்கலாம். சிஸ்டத்தில் காற்று இருப்பதாக நினைத்து பாட்டில் பாட்டிலாக வீணாக்காதீர்கள்.

மாஸ்டர் சாய்வாக உட்காரும் வண்டிகளில், மாஸ்டர் மட்டமாகும்படி வண்டியின் ஒரு முனையைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால் பிடிவாதக் குமிழி வெளியே வரும்.

மண்பாதை:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றும் மாற்றியாயிற்று. ஸ்லேவ் ஓட்டம் முன்பு 9 மி.மீ., இப்போது 17. ரிவர்ஸ் சத்தமே இல்லை. ஆனால் புதுப் பிரச்சினை: வண்டி சூடாகி அரை மணி ஓடியதும் பெடல் மேலேயே கெட்டியாகிவிடுகிறது. டாப் கியரில் மேடு ஏறினால் இன்ஜின் வேகம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஆறியதும் சரியாகிவிடுகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

ஃப்ளேர் நட்:

பிளேட்டைக் கழற்ற வேண்டாம். ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் விரிந்த ஆயில் ஸ்லேவைத் தள்ளி, கிளட்சைப் பாதி மிதித்த நிலையிலேயே வைத்திருக்கிறது. இப்படியே ஓட்டினால்தான் பிளேட் எரியும்.

மாஸ்டரில் பெடல் முழுக்க மேலே வந்த நிலையில், முன் கப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊசித் துளை திறந்திருக்கும். அது வழியாகத்தான் ஆயில் விரிந்து சுருங்கி மூச்சு விடுகிறது. தள்ளுகம்பி ஒரு மி.மீ. நீளமாக இருந்தாலும் கப் அந்தத் துளையை மூடிவிடும்.

பார்ப்பது எளிது. டப்பா மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பெடலைக் கையால் மெல்ல அழுத்தத் தொடங்கும்போது, துளை மூடுவதற்கு முன்னால் ஆயில் மேல்பரப்பில் ஒரு சின்ன ஊற்று எழும்பி அடங்கணும். அது வரவில்லை என்றால் துளை ஏற்கெனவே மூடியிருக்கிறது. கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, பெடல் மேலே இருக்கும்போது கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி வரும்வரை குறுக்குங்கள். 8 மி.மீ. கம்பியில் வழக்கமான மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகர்த்தும். அந்த 1 மி.மீ. காலடியில் 6 மி.மீ. அளவு சும்மா ஆட்டமாகத் தெரியும்.

குறுக்கியும் ஊற்று வரவில்லை என்றால் பெடல் முழுக்க மேலே வருகிறதா என்று பாருங்கள். தப்பாகச் செட் செய்த கிளட்ச் சுவிட்ச், சோர்ந்துபோன திரும்பு ஸ்பிரிங், ரெண்டுமே பெடலைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருக்கும்.

கீழ்வீட்டு கியர்:

இதே அறிகுறி ஹோஸ் உள்ளுக்குள்ள உரிஞ்சு ஒருவழி வால்வு மாதிரி ஆனாலும் வரும். மண்பாதைக்கு ஹோஸ் புதுசு, அதனால கம்பிதான். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: வண்டி சூடா, கெட்டியா இருக்கும்போதே மாஸ்டர் கிட்ட குழாய் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்க. ஃபோர்க் உடனே பின்னால போச்சுன்னா அடைப்பு மாஸ்டர்ல. போகலை, ஆனா ஸ்லேவ் நிப்பிளைத் திறந்தா போகுதுன்னா அடைப்பு நடுவுல, ஹோஸ்லதான். ரெண்டுக்கும் போகலைன்னா ஹைட்ராலிக்கை விட்டுட்டு ஃபோர்க், அது தள்ளற ரிலீஸ் பேரிங் பக்கம் பாருங்க. கண்ணாடி போட்டுக்குங்க, பீச்சி அடிக்கும்.

நாலாம் கியர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பிக்கப்பில் வெளியே ஸ்லேவே இல்லை, பெல் ஹவுசிங்குக்குள் குழாய் போகிறது. அடியில் ஒழுகுகிறது. இதே முறைதானா?

அச்சாணி:

இல்லை. அது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் வளைய ஸ்லேவ். ரிலீஸ் பேரிங்கும் அதோடு சேர்ந்தது. கியர்பாக்ஸ் இறங்கணும். இறக்குவதற்கு முன் ஒழுகுவது எதுவென்று பாருங்கள்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில், மிதந்தால் இன்ஜின் பின் சீலோ கியர்பாக்ஸ் முன் சீலோ.

இறக்கியாயிற்று என்றால் ஸ்லேவோடு பிளேட், பிரஷர் பிளேட், ஸ்பிகாட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்குவது), முன் சீல் எல்லாம் ஒரே கையோடு. ஒழுகிய ஆயில் பிளேட் லைனிங்கில் பட்டிருந்தால் கழுவி மீட்க முடியாது. புது ஸ்லேவைக் கையால் அழுத்தி விளையாட வேண்டாம், காய்ந்த சீல் பிய்யும். கியர்பாக்ஸ் முழுக்கப் போல்ட் ஆகும்வரை பெடலைத் தொடக்கூடாது. கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை ஒரு விநாடிகூட இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது, பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து கிளட்ச் விடாமல் போகும். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியும் இரண்டாவது ஆளும் இல்லாமல் தரையில் படுத்து இதைச் செய்ய வேண்டாம்.

மண்பாதை:

கம்பியை ஒன்றேகால் சுற்று குறுக்கினேன். இப்போது டப்பாவில் ஊற்று எழும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. சூடான பிறகும் பெடல் அதே உயரம், மேட்டில் நழுவல் இல்லை. ஸ்லேவ் ஓட்டம் 16 மி.மீ.

ஃப்ளேர் நட்:

16 நிற்கிறது, ரிவர்ஸும் விழுகிறது என்றால் சரிதான். லாக் நட்டை இறுக்கும்போது கம்பி கூடவே சுற்றிவிடும், இறுக்கிய பிறகு ஊற்றை இன்னொரு தடவை பாருங்கள். சில நாள் ஓடியதும் ஸ்லேவ் தூசி ரப்பரைத் தூக்கி உள்ளே விரலை வையுங்கள், காய்ந்திருக்கணும். டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு வெளியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வெளியே ஸ்லேவ் உள்ள இந்த வகையில் பிளேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதனால் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். இறங்கினால் மட்டும் ஒழுகலைத் தேடுங்கள்.